புதுக்கோட்டைப் பாறைகளில் யார் யார் பெயர்?

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதில் நான் ஒரு தப்பு செய்தேன். விடுமுறைக்கு அப்பாவின் ஊருக்குப் போயிருந்தபோது, சித்தன்னவாசல் மலையில் ஏறும் வழியில் இருந்த ஒரு பாறையில் கூர்மையான கல்லால் என் பெயரைக் கீறினேன். அப்போது எனக்குத் தமிழில் எழுதத் தெரிந்த ஒரே சொல் அதுதான். மெல்பர்னில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்றுக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

போன ஜனவரியில் மறுபடி போனேன். இந்தத் தடவை வரலாறு கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் பார்த்த இடங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. உங்கள் குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்ததாக இருந்தாலும் சரி, இந்தியா போனால் மூன்று நாளாவது இந்தப் பக்கம் ஒதுக்குங்கள்.

புதுக்கோட்டை ஏன் தனி?

தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஆங்கிலேயரின் மதராஸ் மாகாணத்தில் இருந்தபோது, புதுக்கோட்டை மட்டும் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானமாக இருந்தது. 1948இல்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்று, திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துத் தனி மாவட்டமாக அமைத்தார்கள்.

பெரிய ஆறு எதுவும் இல்லாத வறண்ட பூமி இது. மழைத் தண்ணீரைக் கண்மாய்களில் தேக்கித்தான் விவசாயம். வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென்று மொட்டைப் பாறைக் குன்றுகள் எழும்பி நிற்கும். குன்றின் மேல் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும். அதற்குச் சுனை என்று பெயர். ஆளில்லாத குன்று, குடிக்கத் தண்ணீர், வெயிலுக்கு ஒதுங்க ஒரு குகை. துறவிகளுக்கு வேறு என்ன வேண்டும்? இந்த ஊரின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

வெளியூர்க்காரருக்கு ஒரு படுக்கை

சித்தப்பாவின் பைக்கில் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். புதுக்கோட்டை நகரத்திலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கி.மீ. வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல் போலச் சுடும்.

மலையின் உச்சிப் பக்கம் ஏழடிப்பட்டம் என்று ஒரு இயற்கைக் குகை இருக்கிறது. பாறையில் கால் வைக்க வெட்டிய படிகளை வைத்து வந்த பெயர். இப்போது கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். அது இல்லாத காலத்தில் எப்படிப் போனார்களோ என்று நினைத்தாலே எனக்குக் கால் கூசியது.

உள்ளே 17 கற்படுக்கைகள். சமணத் துறவிகள் படுத்தவை. வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் தலையணை போல மேடாக விட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. இன்று நாம் எழுதும் தமிழ் எழுத்தோடு ஒப்பிட்டால் கோடுகளும் வளைவுகளும் மாதிரிதான் தெரியும். ஆனால் மொழி தமிழ்.

அந்தக் கல்வெட்டு சொல்லும் செய்தியைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. எருமை நாட்டில் பிறந்த ஒருவருக்காக, இந்தப் பக்கத்தைச் சேர்ந்த இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை இது. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதாவது, வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர்; அவர் தங்க இடம் செய்துகொடுத்த உள்ளூர்க்காரர். இந்தக் குகையின் மிகப் பழைய எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். ராஜா இல்லை, போர் இல்லை.

"எங்கேர்ந்து வந்தீங்க?" என்று வெளிநாட்டிலும் கேட்கிறார்கள், அப்பா ஊரிலும் கேட்கிறார்கள் என்று நாம் அடிக்கடி சலித்துக்கொள்கிறோம் இல்லையா? இந்தப் படுக்கையில் அதற்கான பதில் வெட்டியே இருக்கிறது. பிறந்த ஊரும் இருக்கிறது, தங்கிய ஊரும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதை அழிக்கவில்லை.

தாமரைக் குளம்

அதே மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில். பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில். சிறியது, உங்கள் வீட்டு ஹால் அளவுகூட இருக்காது. அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன்கள், வாத்துகள், எருமைகள், யானைகள், நடுவே பூப் பறிக்கும் மூன்று பேர். தூண்களில் ஆடும் பெண்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் மண்ணிலிருந்தும் தாதுக்களிலிருந்தும் எடுத்த வண்ணங்களால் தீட்டியவை. தமிழ்நாட்டில் இவ்வளவு பழைய ஓவியங்கள் மிகக் குறைவு.

பாதி மங்கிவிட்டது. பல நூற்றாண்டுகள் கேட்பாரற்றுத் திறந்து கிடந்த இடம். முதல் ஐந்து நிமிடம் எனக்கு வெறும் கறையாகத்தான் தெரிந்தது. கண் பழகப் பழக ஒவ்வொரு இலையாக வெளியே வந்தது. அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள்.

கருவறைக்குள் நின்று வாயை மூடிக்கொண்டு மெல்ல 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். சுவரே கூடச் சேர்ந்து முனகும்.

வெளியே பாறையில் ஒரு கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில், பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்து, முன்னால் ஒரு மண்டபமும் கட்டினார் என்று அது சொல்கிறது. முதலில் குடைந்தவர் பெயர் அதில் இல்லை. பழுது பார்த்த ஆசிரியரின் பெயர் இருக்கிறது. அவர் கட்டிய முன்மண்டபமும் பிறகு இடிந்துவிட்டது. இப்போது நாம் பார்க்கும் முகப்பு, 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து எழுப்பியது. பழுது பார்த்ததையே இன்னொரு தடவை பழுது பார்த்திருக்கிறார்கள்.

பெயர் ஒருவருக்கு, வேலை இன்னொருவருடையது

இரண்டாம் நாள் நார்த்தாமலை. ஊர்க்காரர்களுக்கு நார்த்தாமலை என்றால் முதலில் மாரியம்மன் கோயில்தான். நாங்களும் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனோம். மேலே போகப் போகக் கீழே கண்மாயும் பனைமரங்களும் சின்னதாகிக்கொண்டே போகும். மயில் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

உச்சிக்குப் பக்கத்தில் அகன்ற பாறைத் தளத்தில் விஜயாலய சோழீசுவரம் நிற்கிறது. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். பெயரைக் கேட்டால் விஜயாலய சோழன் கட்டினான் என்றுதானே நினைப்போம்? ஆனால் அங்கே இருக்கும் கல்வெட்டு வேறு சொல்கிறது. சாத்தன் பூதி என்ற தலைவர் கட்டினார். மழையால் சேதமானபோது மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார். அந்த வட்டாரத்தை ஆண்ட முத்தரையர் குலத்தோடு சேர்த்துத்தான் இந்தக் கோயிலை அறிஞர்கள் பேசுகிறார்கள். பெரிய பேரரசின் பெயர் மேலே உட்கார்ந்துகொண்டது. உண்மையில் கட்டியவரையும் காப்பாற்றியவரையும் கல்வெட்டு மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.

எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்று சிவனுக்கு. இன்னொன்றில் சுவரோடு சுவராக 12 திருமால் சிலைகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. அந்தக் குகைக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் சமணர் குடகு. சமணம், சைவம், வைணவம் மூன்றும் ஒரே பாறையில், கூப்பிடு தூரத்தில்.

பாட்டுப் பாடமும் அழிந்த பாடமும்

அப்படியென்றால் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று எழுதி முடித்துவிடலாமா? முடியாது. மூன்றாம் நாள் அதைக் காட்டியது.

குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில், புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகளாகச் சுரங்களின் எழுத்துகள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. கிரந்த எழுத்து, சமஸ்கிருதக் குறிப்பு. கூடவே தமிழில் ஒரு வரியும் உண்டு. உருத்திராசாரியாரின் மாணவரான ஒரு அரசர், இசை படிக்கும் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தார் என்று அதுவே சொல்கிறது. நோட்டுப் புத்தகம் தொலையும், கல் தொலையாது என்று நினைத்திருப்பார் போல.

திருமயத்துக்குப் போனால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அங்கே ஒரே குன்றின் அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். மேலே 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. சிவன் கோயில் சுவரில் இதே போன்ற இசைக் கல்வெட்டு இருந்திருக்கிறது. அதன் பெரும்பகுதியைச் சிதைத்து, மேலேயே வேறு கல்வெட்டு வெட்டிவிட்டார்கள். அந்த இரண்டு கோயில்களுக்கும் இடையே நீண்ட தகராறும் இருந்தது. 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் அது தீர்க்கப்பட்டு, தீர்ப்பும் கல்லில் ஏறியது. அக்கம்பக்கத்தில் இருந்தார்கள், சண்டையும் போட்டார்கள், உட்கார்ந்து பேசியும் தீர்த்தார்கள். நம் முன்னோர்கள் அப்படித்தான். நம் அப்பா அம்மாக்கள் சங்கத் தேர்தலில் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

என் எழுத்து

இனி அந்தப் பழைய விஷயம். சித்தன்னவாசலில் முதல் நாளே தேடினேன். இருந்தது. கோணல் மாணலாக, ஒரு கொம்பு கூட இடம் மாறி. அதைச் சுற்றி இன்னும் நிறையப் பெயர்கள், அம்பு விட்ட இதயங்கள், கைபேசி எண்கள்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதை நீ மறுபடி தேய்ச்சா இன்னும் பெரிய வடுவாத்தான் ஆகும் தாயி. விட்டுரு" என்றார். வீட்டில் அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்தக் கல்லுல பேரு வெட்டுனவுகல்லாம் ஏதாச்சும் செஞ்சுபுட்டுத்தானே வெட்டுனாக? நீ என்ன செஞ்ச?"

பதில் என்னிடம் இல்லை. இளையர் ஒரு படுக்கை செய்தார். இளங்கௌதமன் மண்டபம் கட்டினார். மல்லன் விடுமன் மழையில் சேதமான கோயிலை நிமிர்த்தினார். நான் விடுமுறைக்கு வந்தேன், அவ்வளவுதான்.

அதனால் ஒன்று தொடங்கியிருக்கிறேன். எங்கள் தமிழ்ப் பள்ளியில் மாதம் ஒரு சனிக்கிழமை, சின்னப் பிள்ளைகளுக்குப் பிராமி எழுத்தில் அவரவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். காகிதத்தில். முதல் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "அக்கா, இதை எங்கே எழுதலாம்?" எங்கே எழுதக்கூடாது என்பதை முதலில் சொன்னேன். ஏன் என்று கேட்டான். என் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நீங்கள் போகும்போது தண்ணீர், தொப்பி, நல்ல பிடிமானமுள்ள செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கூர்மையான கல் எதையும் கையில் எடுக்காதீர்கள்.