லாடாங்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மலாயில் 'லாடாங் எல்பில்' என்று பெயர். தோட்டமும் லாடாங்கும் ஒன்றுதான் என்று பேராக் தமிழர்கள் பல தலைமுறையாகப் புழங்கி வருகிறோம். உண்மையில் இரண்டும் பிறந்த இடம் வேறு.

ரப்பர் வருமுன் லாடாங் என்றால் மேட்டுநிலப் புனம். நீர் கட்டி நாற்று நடும் வயலுக்கு சாவா, பெண்டாங் என்று வேறு சொற்கள் உண்டு. லாடாங்கில் வரப்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வெயில் காலத்தில் காட்டை வெட்டிச் சாய்த்து, காய்ந்ததும் தீ வைப்பார்கள். மழைக்கு முன் ஆண்கள் கூர்க்கழியால் சாம்பல் மண்ணில் குழி குத்திக்கொண்டே போக, பெண்கள் பின்னால் மலைநெல் விதையைப் போட்டு வருவார்கள். ஓரிரு விளைச்சலில் மண் சோர்ந்துவிடும். அடுத்த சரிவுக்குப் போய்விடுவார்கள். விட்ட இடத்தில் எழும் புதர்க்காட்டுக்கு பெலுக்கார் என்று பெயர். பேராக் மலைகளில் பழங்குடிகளான தெமியார், செமாய் மக்கள் இப்படித் தினையும் விளைவித்தார்கள். குறிஞ்சித் திணையில் கிளி ஓட்டிய தினைப்புனம் நினைவுக்கு வருகிறதல்லவா?

பழைய வேளாண்மை சில நாடுகளில் மண்ணிலேயே தடம் விட்டிருக்கிறது. இங்கிலாந்தில் இடைக்கால உழவர் எருது பூட்டி உழுத மேடு பள்ளம் இன்றும் புல்வெளிகளில் அலை அலையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் சோழர் கால வீராணம் ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. லாடாங் போட்ட நிலத்தையோ காடு மூடிவிட்டது. அந்த வேளாண்மைக்கு மிஞ்சிய தடம் பெரும்பாலும் சொல்தான்.

1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கம்பெனிகள் காட்டுக்குள் இறங்கின. வெட்டு, எரி, நடு. முதல் இரண்டும் பழைய லாடாங் வேலையேதான்! மூன்றாவதில் கணக்கு மாறியது: நிலம் காட்டிடம் திரும்பவேயில்லை. ஆனாலும் சொல் ஒட்டிக்கொண்டது. சிறு ரப்பர் நிலம் கெபுன். 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளது எஸ்டேட், அதாவது லாடாங்.

நம் சொல்லும் இப்படி வீங்கியதுதான். ஊரில் தோட்டம் என்றால் வீட்டுக் கொல்லையில் கத்தரியும் மிளகாயும். கொங்குப் பக்கம் கிணற்றுப் பாசன நிலம். மலாயாவிலும் இலங்கை மலையகத்திலும் அதே சொல்லின் தலையில் ஆயிரம் ஏக்கரை ஏற்றினார்கள். பொருளைப் பார்த்தால் தோட்டத்துக்கு ஈடு கெபுன்தான். அளவைப் பார்த்து லாடாங்கோடு ஜோடி சேர்த்துவிட்டோம்.

பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, 1960இல் ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்க வழி செய்தார். பிறகு பால்மரம் என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய்த் தாமான் என்ற குடியிருப்பு வீடுகள் வந்தன. ஒரு பால்மரம்கூட இல்லாத இடத்திலும் தமிழ்ப்பள்ளிப் பலகையில் லாடாங் இருக்கிறது.

இடம் மாறும் பள்ளிக்குப் புதுப் பெயர் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அவசரப்பட வேண்டாம். தோட்டத்து வறுமையை நினைவூட்டுகிறது என்று இந்தச் சொல்லை ஒதுக்குவது நியாயமில்லை. கம்பெனிகள் வருமுன்பே இந்தச் சரிவுகளில் விதைத்த புனத்துக்கு இருந்த பெயர் இது. பலகையில் அப்படியே இருக்கட்டும்.