ஈயமும் இரயிலும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் சரக்குவழித் தேர்வு

1886ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன், கோலாலம்பூர்ச் சுரங்கங்களின் ஈயம் கிள்ளான் ஆற்றில் படகேறியோ, மாட்டுவண்டியில் டாமான்சாரா வரை சென்று அங்கிருந்து படகேறியோ கடலை அடைந்தது. இரயில் மலிவு, ஆதலின் வணிகர் மாறினர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சரக்கு அனுப்புவோரின் தேர்வை விளக்க வில்லியம் பாமோலும் வினோதும் 1970இல் ஒரு கணித மாதிரியை வகுத்தனர். அவர்தம் கணக்கில் கட்டணம் ஒரு கூறு மட்டுமே. வழியில் கழியும் நாள்கள், அந்நாள்களின் நிலையின்மை, களவாலும் சேதத்தாலும் நேரும் இழப்பு ஆகியனவும் செலவாகும். சரக்கு வழியிலிருக்கும் வரை அதில் முடங்கிய முதலுக்கு வட்டி ஏறுகின்றது; வந்து சேரும் நாள் உறுதியில்லையெனில், பெறுவோர் கூடுதல் இருப்பு வைக்க நேர்கின்றது.

ஈயம் எடைக்கு எடை அரிசியைவிடப் பன்மடங்கு விலையுடையது. சுரங்க முதலாளிகள் பலர் நீரிணைக் குடியேற்ற வணிகரிடம் முன்பணம் பெற்றே தொழில் நடத்தினர். ஆற்றில் நீர் வற்றிப் படகு தங்கிய ஒவ்வொரு நாளும் கடன்மீது ஏறிய சுமையாகும். எதிர்த்திசையில் வந்த அரிசியோ நீரோட்டத்தை எதிர்த்துக் கழியூன்றி ஏற்றப்பட்டது. அரிசி மலிவான பண்டந்தான். ஆயினும் அது தீர்ந்தால் சுரங்க வேலை நிற்கும். எனவே காலந்தவறாமை அரிசிக்கும் இன்றியமையாததாயிற்று. கட்டணத்தை மட்டும் நோக்குவோர்க்கு இது புலப்படாது.

இத்தகைய மறைமுகச் செலவுகளையும் சேர்த்தெண்ணிய இராபர்ட் ஃபோகல், 1890இல் அமெரிக்காவின் வட்டாரங்களுக்கிடையிலான வேளாண் சரக்கில் இரயில் தந்த சேமிப்பு நாட்டு வருமானத்தில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே என 1964இல் வாதிட்டார். விரிந்த நீர்வழிகளுடைய நாட்டுக்குப் பெறப்பட்ட அம்முடிவை மலாயாவின் சிற்றாறுகளுக்கு அப்படியே பொருத்துதல் தகாது.

மாதிரிக்கும் எல்லையுண்டு. அனுப்புவோர் தாமே தேர்பவர் என அது கொள்கின்றது. கடன்பட்ட முதலாளியின் சரக்கு எவ்வழியிற் செல்ல வேண்டும் என்பதை முன்பணம் தந்தவரே முடிவுசெய்திருக்கவும் கூடும். 1885இல் திறக்கப்பட்ட தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயோனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். அவர்தம் உழைப்பு அனுப்புவோர் கணக்கின் எந்த நிரலிலும் இடம்பெறுவதில்லை.

புக்கிட் கூடாவில் சரக்கு மீண்டும் கலமேற வேண்டியிருந்தது. 1890இல் பாதை ஆற்றைக் கடந்து கிள்ளானை அடைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்ட பின்னரே இரயிலும் கடற்கப்பலும் ஒரே துறையில் சந்தித்தன.