செயற்கைப் பார்: மீன் சேரும் இடமா, பெருகும் இடமா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் மீன் ஒதுங்கக் கடலடியில் இறக்கும் செயற்கைப் பார் குறித்த அடிப்படைக் கேள்விக்கு, அதாவது மறைவிடம் மட்டும் போதுமா என்பதற்கு, இடுக்கியின் தமிழக எல்லையிலேயே சான்று உண்டு. 1895இல் முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய நீர் ஒரு காட்டை மூழ்கடித்தது. அதன் பட்டமரங்கள் அந்த நீர்த்தேக்கமான தேக்கடி ஏரியில் இன்றும் நிற்கின்றன. நீரில் நிற்கும் மரம் மீனுக்கு ஒதுங்கிடம். எந்த மீனுக்கு என்று அது தேர்ந்தெடுப்பதில்லை. பெரியாற்றுக்கே உரிய அரிய மீன்கள் வாழும் அதே ஏரியில் திலேப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பரவிவிட்டன. மன்னான், பளியர் பழங்குடி மக்களின் மீன்பிடிப்பு இந்த மாற்றத்தோடுதான் நடக்கிறது. மறைவிடம் அமைந்தால் மட்டும் மீன்வளம் காக்கப்படுவதில்லை என்பதை இந்த ஏரி காட்டுகிறது.

மறைவிடம் மட்டும் போதுமா என்ற கேள்வி கடலில் இன்னும் கூர்மையானது.

திருவனந்தபுரம் கரையின் தூண்டில் மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டுகளை நம்பி வாழ்பவர்கள். இழுவை மடி வலைகள் கடலடியைச் சுரண்டத் தொடங்கியபின், 1980களில் அவர்கள் தாங்களாகவே பார்களை உருவாக்கினார்கள். பொருளியலாளர் ஜான் குரியன் இம்முயற்சியைப் பொதுவளத்தை மீட்கும் கூட்டுச் செயலாக 1995இல் ஆராய்ந்து எழுதினார். அந்தப் பார்கள் மீனைச் சேர்த்ததோடு இழுவை மடிக்குத் தடையாகவும் நின்றன. மடி சிக்கினால் கிழிந்துவிடும்.

இன்று அரசே பார்களை இறக்குகிறது. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் 2023 மே மாதம் அதே கரையின் விழிஞ்ஞத்தில் தொடங்கிய பணி, பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களை உள்ளடக்கியது. ஊருக்கு 150 வீதம் 6,300 கான்கிரீட் அமைப்புகள். தொழில்நுட்ப வழிகாட்டல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துடையது. கான்கிரீட்டில் பாசியும் சிப்பியும் ஒட்டும். அவற்றைத் தேடிச் சிறுமீன் வரும். அதைத் தேடிக் கலவாயும் பாரை மீனும் வரும்.

வந்த மீன் புதிதாகப் பெருகியதா, அக்கம்பக்கத்திலிருந்து கூடியதா? 1989இல் ஆய்வாளர் போன்சாக் எழுப்பிய இந்த ஐயம் இன்றும் வலுவானது. கூடிய மீன் மட்டுமே என்றால், பார் பிடிப்பை எளிதாக்கி இருப்பைக் கரைக்கும். கட்டுமானப் பொருளும் பொருட்டே. ஃபுளோரிடாவின் ஆஸ்போர்ன் பாரில் 1970களில் இறக்கிய ஏறத்தாழ 20 லட்சம் டயர்கள் கட்டவிழ்ந்து, அருகிலிருந்த பவளத்தையே சிதைத்தன.

ஆகவே செயற்கைப் பாரை மீன்பிடி ஒழுங்கின் ஓர் உறுப்பாகக் கொள்வதே சரி. பாரின் மேல் தூண்டிலுக்கு மட்டும் இடம், குஞ்சு மீன் பிடிக்கத் தடை, இவற்றைக் கண்காணிக்க ஊர் மீனவர்களுக்குச் சட்ட அதிகாரம் ஆகியவை கான்கிரீட் இறங்கும் முன்பே முடிவாக வேண்டும். பார் இறக்குவதற்கு முன்னும் பின்னும், பாரிலும் அதற்கு வெளியிலும் கிடைக்கும் மீனின் அளவை ஆண்டுதோறும் பதிந்து ஊராருக்குச் சொல்லும் பொறுப்பைத் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும்.