மணவோலையும் பணியோலையும்

கல்வி கண் திறக்கும் என்கிறோம். கண் திறந்தால் வழி தெரியும், வழி தெரிந்தால் வாழ்வு மலரும் என்றும் கூறுகிறோம். உண்மைதான். ஆனால் கற்ற காளைக்கும் கற்ற நங்கைக்கும் அவ்வழி ஒன்றுபோல் திறந்ததா? நாகரிகத்தின் தாயகம் எனத் தன்னைத் தானே புகழ்ந்துகொண்ட இங்கிலாந்தின் வரலாற்றைக் கேட்போம்.

1878-இல் இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் பெறும் உரிமை அளித்தது. ஆக்ஸ்போர்டு 1920 வரை தயங்கியது. கேம்பிரிட்ஜோ முழு உரிமை தர 1948 வரை முரண்டு பிடித்தது. தடை பல தாண்டிக் கற்ற மங்கையருக்கு இடமளித்த பெருந்துறை ஆசிரியப் பணி. பயிற்சி பெற்றனர், பள்ளிகளில் அமர்ந்தனர், தம் காலில் நின்றனர். எதுவரை? மணமோதிரம் விரலில் ஏறும் நாள்வரை!

மணம் புரிந்த ஆசிரியை வேலையை விட்டு விலக வேண்டும் என்பது பல ஊராட்சி மன்றங்களின் விதி. 'திருமணத் தடை' என்பது அதன் பெயர். முதல் உலகப் போரில் ஆடவர் களம் சென்றபோது, மணமான மங்கையரை "வருக, வருக" என்று அழைத்தனர். போர் முடிந்தது, வேலை அருகியது, செலவைச் சுருக்கினர். "வெளியே செல்க" என்றனர்! இடைக்காலத்தில் அவர்தம் அறிவு தேய்ந்துவிட்டதா? இல்லை, ஆட்சியாளரின் தேவைதான் தேய்ந்தது.

பாலோ திருமணமோ பணிக்குத் தடையாகாது என 1919-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டம் ஏட்டில் இருக்க, பூல் நகர மன்றம் மணமான ஆசிரியை ஒருவரை நீக்கியது. இல்லத்தைக் கவனிப்பதே அவர் முதற்கடமையாம். காப்பாற்றக் கணவன் இருக்க, மணமாகாதோர் இடத்தை அவர் அடைத்துக்கொள்ளலாகாதாம்! கீழ்மன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு மன்றமோ 1925-இல் நகர மன்றத்தின் செயலே செல்லும் என்றது. ஆசிரியர் ஒருவர் மணம் புரிந்திருந்தால்? வாழ்த்துரை வழங்கியிருப்பர், வேலையைப் பறித்திருப்பரோ?

இலண்டன் மாவட்ட மன்றம் 1935-இல் இத்தடையை நீக்கியது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தின் பொதுப் பள்ளித் துறையில் அதை ஒழித்தது. அரசுப் பணிகளில் 1946 வரையும், வெளிநாட்டுத் தூதுப் பணியில் 1973 வரையும் அது உயிரோடிருந்தது. அயர்லாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியைகளுக்கு 1958-இலும், அரசுப் பணியாளருக்கு 1973-இலும் விடுதலை கிடைத்தது.

அயலார் கதைதானே என்று அயர்ந்துவிட வேண்டாம். சென்னையில் பயின்று, 1949-இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதற்பெண் முத்தம்மா. அப்பணிக்கென 1961-இல் வகுத்த விதிகள், பெண் மணம் புரிய அரசிடம் அனுமதி பெற வேண்டும் என்றன. குடும்பச் சுமை பணிக்கு இடையூறெனக் கருதினால் அவரை விலகச் சொல்லலாம் என்றன. ஆணுக்கு இல்லாத விலங்கு! முத்தம்மா வழக்குத் தொடுத்தார். 1979-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண அய்யர் அவ்விதிகளின் ஓரவஞ்சனையைக் கடிந்துரைத்தார். அவற்றை நீக்கும் நிலைக்கு அரசு வந்தது.

இளைஞர்களே! கல்வி பெண்ணை வேலையின் வாயில்வரை அழைத்துச் சென்றது. அங்கே குறுக்கே நின்றது விதி. ஏட்டிலிருந்த விதியைச் சட்டம் நீக்கிற்று. வீட்டிலிருக்கும் விதியை யார் நீக்குவது? "மணமான பின் வேலை எதற்கு?" என்று பெண் பார்க்கச் செல்லும் இல்லத்தில் உங்கள் பெற்றோர் கேட்டால், பூல் நகர மன்றம் அங்கே கூடியிருக்கிறது என்று பொருள். அக்கேள்விக்கு அவள் விடை கூறுமுன், எழுந்து நின்று மறுத்துரைக்க வேண்டியவர் நீங்களே!