கழிவு எழுதிய பக்கம்

1968-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறை. எனக்குப் பதினொரு வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று எல்லாரும் சொன்ன ரயில்வே வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய வீடுகள் அவை. அப்பா ரயில்வே தலைமை அலுவலகத்தில் கிராணி. அன்று காலை பெட்டி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, “பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்” என்று அம்மாவிடம் சொன்னார். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. சின்னப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் தன் குரல் உயராது என்று அப்பா நினைத்திருக்கிறார். பல வருடம் கழித்துத்தான் அது எனக்குப் புரிந்தது.

நாங்கள் போனது லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த ஒரு கிட்டங்கிக்கு. அக்காவின் கல்யாணத்துக்காக அப்பா முந்தின வருடம் அங்கே 800 வெள்ளி கடன் வாங்கியிருந்தார். அம்மாவின் அறுவை சிகிச்சையால் ஐந்து மாதமாக வட்டியும் கட்டவில்லை, முதலும் கட்டவில்லை.

நீண்ட கூடம். நாற்காலி இல்லை. தரையில் பாய், சாய்வான சின்ன மேசை, பக்கத்தில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி. ஒரே கூடத்தில் இப்படி வரிசையாக எத்தனையோ பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கடை. அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்தார். மேலாள் பேரேட்டைப் புரட்டினார். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, கீழே தமிழ் எண்கள். பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தராத எழுத்துகள். அவற்றை அவர் விரலால் தொட்டுக்கொண்டே வாய்க்குள் கூட்டினார். அப்பா மருத்துவமனைச் சீட்டை நீட்டினார், மாதாமாதம் எவ்வளவு தர முடியும் என்று சொன்னார். மேலாள் வட்டிச் சிட்டையில் ஏதோ எழுதினார். பிறகு பேரேட்டில் மூன்று மாத வட்டிக்கு நேராக ‘கழிவு’ என்று எழுதினார்.

அப்பா அதோடு எழுந்திருக்கவில்லை. “அந்த அஞ்சு மாசப் பாக்கி விவரத்தையே எடுத்துட முடியுமாங்க? அடுத்து வர்றவர் பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?”

“கிராணியாரே, வட்டியைக் கழிக்கலாம். எழுதுனதை அழிச்சா முதலாளி என்னைக் கேப்பாரு, கோர்ட்லயும் அந்தக் கணக்கு நிக்காது. கீழே இடம் இருக்கு, மாசாமாசம் கட்டி எழுதிட்டு வாங்க. வர்றவர் கடைசி வரியைத்தான் முதல்ல பாப்பாரு.”

பிற்பாடு நான் கோலாலம்பூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். தாமதத்தை மன்னிக்கும்படி கேட்ட கடிதங்களை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். நானே அப்படி ஒரு கடிதம் எழுதவேண்டிய நாளும் வந்தது. அப்போதெல்லாம் அந்த மேலாளின் பேச்சுதான் எனக்கு நினைவுக்கு வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் கடன் மன்னிப்புக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை அறியாததால்தான் நம் பிள்ளைகள் இன்று கடன் கொடுத்தவரைப் பார்க்கப் பயந்து ஒளிந்துகொள்கிறார்கள்.

‘அடுத்து வர்றவர்’ என்று அப்பா சொன்னதற்குக் காரணம் உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகளில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், மேலாள் மூன்று வருடக் கணக்குக்கு இங்கே வருவார். கணக்கு முடிந்ததும் பெட்டியையும் பேரேட்டையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ஆள் மாறிக்கொண்டே இருந்த தொழிலில் மாறாதது பேரேடு ஒன்றுதான். இவருடைய இரக்கம் அவருக்குத் தெரியவேண்டும் என்றால் அது எழுத்தில் இருக்கவேண்டும். ‘கழிவு’ என்ற சொல்லும் அப்படித்தான். இந்த மனிதர் தவறினார், வந்து நின்றார், நாம் விட்டுக்கொடுத்தோம் என்ற மூன்று செய்தியும் அதற்குள் இருந்தன.

ஈயச் சுரங்க முதலாளி, ரப்பர் தோட்டம் போட்டவர், நிலம் வைத்திருந்த மலாய்க்காரர், அரசாங்கக் கிராணி என்று பலரும் அந்தப் பாயில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். வெள்ளைக்காரர் வங்கிகள் சின்ன மனிதர்களை உள்ளே விடாத காலம். செட்டியார்கள் அதே வங்கிகளில் தங்கள் பெயரில் கடன் எடுத்து, அதைச் சில்லறையாக்கி மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். அரசாங்க ஊழியருக்கோ இன்னொரு பயமும் இருந்தது. மீள முடியாத கடனில் சிக்குவதே ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். அப்பாவின் குரல் தாழ்ந்திருந்ததற்கு அதுவும் காரணம். நீதிமன்றத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தால் வேலையும் போகலாம், குவார்ட்டர்ஸும் போகலாம்.

அந்தப் பாயில் எப்போதும் இரக்கம் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். 1925-ல் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1932-ல் ஐந்து காசு அளவுக்கு இறங்கியது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன; பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடன் கட்ட முடியாதவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போயின. சிறு நில உடைமையாளரின் மண் கடனுக்காக ஏலம் போகாமல் தடுக்க 1931-ல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் சட்டம் கொண்டுவந்தார்கள். கடன்காரரை மன்னிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மனசாட்சிக்கே விட்டுவிட முடியாது, அரசாங்கமும் தலையிடவேண்டும் என்ற எண்ணம் இங்கே வேர் பிடித்தது அந்த நாட்களில்தான்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டில் கடனை அடைத்தவர்கள் உண்டு. 1945-ல் வெள்ளைக்காரர் திரும்பி வந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதமானது. எந்த மாதம் கட்டிய நோட்டுக்கு என்ன மதிப்பு என்று பட்டியல் போட்டுத் தீர்க்க 1948-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கணக்கு எழுதாமல் விட்ட எளியவர்கள்தான் அதிலும் அடிபட்டார்கள்.

கிட்டங்கியை விட்டு வெளியே வர ஒரு வழி 1922-லேயே திறந்திருந்தது. சம்பளக்காரர்கள் கடனில் மூழ்குவதைப் பார்த்துக் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கனக் கடன் சங்கம் முதல் சங்கமாகப் பதிவானது. பின்னால் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அப்படிச் சங்கங்கள் ஏற்பட்டன. வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேளையில், 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் பத்துப் பத்து வெள்ளியாகப் பாட்டாளிகள் சேர்த்த காசில் எழுந்ததுதான்.

நான் வேலை பார்த்த சங்கத்தில் கடனுக்கு இரண்டு ஜாமீன் வேண்டும். இருவரும் பெரும்பாலும் ஒரே அலுவலகத்து நண்பர்கள். ஒருவர் தவறினால் நண்பர் சம்பளத்தில் பிடிப்போம். அதனால் மன்னிப்புக் கடிதம் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அந்த நண்பரிடம் போய் நின்றிருப்பார்கள். குழுவில் நாங்கள் பார்த்தது மூன்றே மூன்றுதான்: ஏன் தவறினார், தவறிய பிறகு எத்தனை நாளில் வந்தார், இனி எவ்வளவு தர முடியும் என்கிறார். காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் மூன்றாவதற்குப் பதில் இல்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும். ‘மாதம் 40 வெள்ளி, 25-ஆம் தேதி’ என்று எழுதிய கடிதத்துக்கு அன்றே கையெழுத்து விழும். தாமதக் கட்டணத்தைத் தள்ளினோம், தவணையை நீட்டினோம். ஆனால் அட்டையில் இருந்த தாமதக் குறியை யாருக்காகவும் நாங்கள் சுரண்டியதில்லை.

1998-ல் அந்த மேசையின் மறுபக்கத்தில் நானே நின்றேன். பண நெருக்கடியில் வட்டி விகிதம் 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. போர்ட் கிள்ளானில் என் கணவர் வேலை பார்த்த சரக்கு நிறுவனம் ஆள் குறைத்தது. வேன் தவணை மூன்று மாதம் நின்றது. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் முன்னறிவிப்புக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். நிதி நிறுவனத்துக்கு இரண்டு முறை போனேன். “முழுசா கட்டுங்க, இல்லன்னா பேசாதீங்க” என்றார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் முறை, நான் பிறருக்குச் சொல்லும் கடிதத்தை எனக்கே எழுதிக்கொண்டு போனேன். ஓர் அதிகாரி படித்துப் பார்த்துத் தாமதக் கட்டணத்தில் பாதியைத் தள்ளினார், பாக்கியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கொடுத்தார்.

அதே 1998-ல் பெரிய நிறுவனங்களின் கடனைச் சீரமைக்க அரசாங்கம் தனிக் குழுவே அமைத்தது. கோடிகளில் கடன் வைத்தவரோடு வங்கிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசின. வேன் தவணைக்காரருக்கு அப்படி ஒரு மேசை 2006-ல்தான் கிடைத்தது. அந்த ஆண்டு நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனத்தை நாம் ஏ.கே.பி.கே. என்கிறோம். அங்கே கட்டணம் இல்லை. ஆலோசகர் வரவு செலவைக் கேட்டு எழுதி, வங்கிகளிடம் நமக்காகப் பேசி, வட்டியைக் குறைத்து, தவணையை நீட்டி, எல்லாக் கடனையும் மாதம் ஒரே தொகையாக்கித் தருவார். எட்டு வருடத் தாமதம் அது. அந்த இடைவெளியில் வட்டி முதலைகளிடம் சிக்கிய குடும்பங்கள் என் தெருவிலேயே இருந்தன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2003-ல் கிள்ளானில் வீட்டுக் கடனுக்குப் போனபோது, வங்கி அதிகாரி கையில் நான் அதுவரை பார்க்காத ஒரு தாள் இருந்தது. பேங்க் நெகாரா 2001-ல் தொடங்கிய சிசிரிஸ் அறிக்கை. ஒவ்வொரு கடனுக்கும் நேராகப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். நேரத்துக்குக் கட்டினால் 0, ஒரு மாதம் பாக்கி என்றால் 1, இரண்டு என்றால் 2. என் கட்டங்கள் எல்லாம் சுழியம். 1998 அந்தத் தாளில் எங்கும் இல்லை. செட்டியார் பேரேட்டைவிட இதற்கு ஞாபகம் குறைவு: பன்னிரண்டு மாதத்துக்கு முந்தியதைக் காட்டாது. ‘கருப்புப் பட்டியல்’ என்று நம் மக்கள் பயப்படுகிறார்களே, பேங்க் நெகாரா அப்படி எதுவும் வைத்திருக்கவில்லை. கடன் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் முடிவு. உண்மையாகத் தவறிய மாதத்தைக் கெஞ்சினாலும் எடுக்கமாட்டார்கள். தவறாக ஏறியதை வங்கியிடம் சொல்லித் திருத்தலாம். வழக்கு, திவால் விவரங்களைத் தனியார் நிறுவனங்கள் வைத்திருக்கும்; கடனை முடித்ததும் வங்கியிடம் கடிதம் வாங்கி அங்கே கொடுத்துவிட வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம், கேட்காமலேயே மன்னிப்பு வந்தது. பெருந்தொற்றுக் கால ஒத்திவைப்பில் தவணை கட்டாதது சிசிரிஸில் பாக்கியாக ஏறவில்லை. ஆனால் ஏற்கெனவே 90 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அது தானாகக் கிடைக்கவில்லை. முன்பே போய்ப் பேசியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அண்மையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவனும் அப்படி முன்பே போய்ப் பேசாமல் இருந்தான். வேலை போய் மோட்டார் தவணையில் நான்கு மாதம் விட்டிருந்தான். வேறு வேலை கிடைத்த பிறகு என்னிடம் வந்து, “ஆண்டி, அந்த நாலு மாசத்தை அழிக்கச் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க” என்றான். அழிக்கச் சொல்லி எழுதமாட்டேன் என்றேன். வேலை நீக்கக் கடிதத்தையும் புதுச் சம்பளச் சீட்டையும் கொண்டுவரச் சொன்னேன். எந்தத் தேதியில் எவ்வளவு என்பதை முதல் வரியிலும், தாமதக் கட்டணத்தைத் தள்ளும்படி இரண்டாம் வரியிலும் எழுதினோம். அவனே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளினார்கள். ஓவர்டைம் பார்த்து மாதாமாதம் இரண்டு தவணையாகக் கட்டினான்.

போன வாரம் அறிக்கையை எடுத்து வந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்தான். 4, அடுத்த மாதம் 3, பிறகு 2, 1, அப்புறம் இரண்டு மாதம் சுழியம். “இந்த நாலு இன்னும் இருக்கே ஆண்டி” என்றான். இருக்கட்டும் என்றேன். அந்த மேலாள் செய்ததைப்போல் கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போய், கடைசிச் சுழியத்தில் நிறுத்தி, இதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று காட்டினேன்.