வங்கியில் வேலை, வங்கிகளோடு சண்டை

தென்னாப்பிரிக்காவோடு வியாபாரமே வேண்டாம் என்று முதன்முதலில் சொன்ன நாடு இந்தியா. ஆண்டு 1946. சுதந்திரம்கூட வரவில்லை, வைஸ்ராய் இருக்கும்போதே போட்ட தடை அது. புதுச்சேரியில் அது செல்லாது. அங்கே அப்போது பிரெஞ்சுக் கொடி. அந்த பிரான்ஸ்தான் பின்னாளில் நிறவெறி அரசுக்கு மிராஜ் போர் விமானங்களை விற்றுக் காசு பார்த்தது.

இப்படி யார் விற்கிறார்கள், லாபம் யாருக்கு என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர் வெல்லா பிள்ளை. ஜோகன்னஸ்பர்க்கில் 1923-ல் பிறந்த தமிழ் வம்சாவளிக்காரர். மனைவி வெள்ளைக்காரப் பெண். கலப்புத் திருமணத்துக்குத் தடைச் சட்டம் வந்த 1949-ல் இருவரும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். அங்கே பொருளாதாரம் படித்தவருக்கு வேலை கொடுத்தது சீன அரசின் வங்கி. பகலெல்லாம் வங்கி நாற்காலி. மாலையில், நிறவெறியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வங்கிகளையும் கம்பெனிகளையும் எதிர்க்கும் கூட்டங்கள்!

1959 ஜூன் 26. லண்டன் ஹோல்பார்ன் மண்டபத்தில் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. பின்னாளில் தான்சானியாவின் அதிபரான ஜூலியஸ் நைரேரே பேசினார். தொடங்கியவர்களில் பிள்ளையும் ஒருவர். 1960 மார்ச் முழுவதும் புறக்கணிப்பு மாதம். கோரிக்கை எளிமையானது: பழக்கடையில் கூடையில் போடுமுன் எந்த ஊர்ச் சரக்கென்று பாருங்கள், தென்னாப்பிரிக்காவின் கேப் ஆப்பிளா, அங்கேயே வைத்துவிடுங்கள். அதே மாதம் 21-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அதன்பின் இயக்கத்தின் பெயரே 'நிறவெறி எதிர்ப்பு இயக்கம்' என்றானது.

ஆனால் பிள்ளையின் கண் ஆப்பிளைத் தாண்டித் தங்கத்தின் மேல் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்போது மிகப் பெரிய அந்நிய முதலீடு பிரிட்டனுடையது. வாயால் கண்டனம், கையால் முதலீடு என்ற லண்டனின் வெளியுறவுக் கொள்கையை அவர் எண்களால் தோலுரித்தார். பேச்சை மறுக்கலாம், கணக்கை மறுப்பது கஷ்டம். சொந்த முகாமிலும் அவருக்கு நிம்மதி இல்லை. சோவியத்-சீனப் பிளவில் தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி மாஸ்கோ பக்கம் நிற்க, சீன வங்கிக்காரர் ஒதுக்கப்பட்டார்.

மண்டேலா விடுதலையான பிறகு, புதிய நாட்டுக்குப் பொருளாதாரத் திட்டம் வகுக்கும் ஆய்வுக் குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1993 இறுதியில் அறிக்கை தயார். முதலில் அரசே வீடு, பள்ளி, மருத்துவம், மின்சாரத்தில் பணம் போடட்டும். மத்திய வங்கி மக்களாட்சிக்குக் கட்டுப்படட்டும். குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்குங்கள் என்றது அது.

மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைமை அதைக் கிடப்பில் போட்டது. மத்திய வங்கிக்குத் தனி அதிகாரம் கிடைத்தது. 1996-ல் பற்றாக்குறையைக் குறைப்பதே முக்கியம் என்ற வேறொரு திட்டம் வந்தது. வெள்ளையர் அரசிடம் தோற்காத பொருளாதார நிபுணர் தோழர்களிடம் தோற்றார் என்றே சொல்ல வேண்டும்.

2004-ல் பிள்ளை காலமானார். நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 20 ராண்ட் என்று, தென்னாப்பிரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1-ல்.