தூள் யாருடைய கல்லறைமேல் விழுந்தது?



இறந்துபோன ஒருவரின் பெயரால் இங்கே கூடியிருக்கிறோம். படத்துக்கு மாலை போட்டோம். ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். விவிலியத்தின் சில பக்கங்களை எழுத்து பிசகாமல் பின்பற்றுகிறவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால், நாம் செய்ததே விலக்கப்பட்ட காரியம் என்று சொல்லக்கூடும். உருவத்தை வணங்காதே, செத்தவர்களிடம் கேட்காதே என்னும் இரண்டு கட்டளைகளும் அந்த நூலில் மிகக் கடுமையானவை. நம்மில் சிலருடைய பாட்டன் பூட்டன் இந்தக் கட்டளைகளைக் கேட்டுத்தான் வீட்டுக்குப் பின்னால் இருந்த பீடத்தை இடித்தார்கள். ஆகவே அவை எங்கே, எப்போது, யாரால், யாருக்கு எதிராகச் சொல்லப்பட்டன என்று கேட்பது நமக்கு வெறும் பழங்கதை ஆராய்ச்சி அல்ல.

எந்தோரில் ஒரு பெண்

சாமுவேலின் முதலாம் புத்தகம், 28-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். ஊர் எந்தோர். அவளுக்குப் பெயர் இல்லை. இறந்தவர்களை எழுப்பிப் பேசவைப்பது அவள் தொழில். அந்தத் தொழில் செய்பவர்களை அரசன் சவுல் நாட்டைவிட்டே துரத்தியிருந்தான். பெலிஸ்தியர் படை எதிரே வந்து நின்றபோது அவனுக்கே நடுக்கம் கண்டது. கனவிலும் பதில் இல்லை. தீர்க்கதரிசிகளிடமும் பதில் இல்லை. வேஷம் மாறி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, இராத்திரியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். இறந்த சாமுவேலை எழுப்பச் சொல்கிறான். வந்திருப்பவன் யார் என்று அறியாத அவள் முதலில் தன் உயிருக்குத்தான் அஞ்சுகிறாள். என்னைக் கொல்லவா கண்ணி வைக்கிறாய் என்பதே அவள் கேள்வி.

எழுந்து வந்த சாமுவேல், நாளைக்கு நீயும் உன் பிள்ளைகளும் சாவீர்கள் என்று சொல்லிவிடுகிறார். இரவும் பகலும் சாப்பிடாத சவுல் தரையில் சாய்ந்து கிடக்கிறான். அவனைத் தேற்றி உட்காரவைத்துச் சாப்பாடு போடுவது, அவன் உத்தரவுப்படி அந்த நாட்டில் இருக்கவே கூடாத அந்தப் பெண்தான். வீட்டிலிருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து, அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள். இதை எழுதியவர்கள் அவள் தொழிலை ஆதரித்தவர்கள் அல்லர். என்றாலும், தடை போட்டவனே இருட்டில் வந்து நின்றான் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

தடை சொல்லும் சாட்சி

லேவியராகமம் 20-ஆம் அதிகாரம், ஆவி பேசும் ஆணோ பெண்ணோ கல்லெறிந்து கொல்லப்பட வேண்டும் என்கிறது. உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறிசொல்வோர், சூனியக்காரர், செத்தவர்களிடம் கேட்பவர் என்று ஒரு பட்டியலே போடுகிறது. ஒரு சமூகத்தில் நடக்காத காரியத்துக்கு யாரும் பட்டியல் போட்டுத் தடை எழுதுவதில்லை. எருசலேமைச் சுற்றிப் பாறையில் குடைந்த கல்லறைகளில் விளக்கும் குடுவையும் கிண்ணமும் கிடைத்திருக்கின்றன. செத்தவர்களுக்கு வைத்தவை அவை.

சிலைகளின் கதையும் இதுதான். சினாய்ப் பாலைவனத்தின் வடகிழக்கில் உள்ள குந்தில்லெத் அஜ்ருத்தில் 1975-76-இல் செயேவ் மெஷெல் அகழாய்வு செய்தார். கி.மு. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டிய பெரிய தாழிகளில், யாவேயின் பெயரோடு அசேராவின் பெயரையும் சேர்த்து வாழ்த்து எழுதியிருந்தார்கள். அங்கே அசேரா என்பது தேவியா, அவளுடைய அடையாள மரமா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் ஒரே கடவுள், ஒரே கோயில் என்பது அந்த மக்களின் அன்றாட வழக்கமாக இருக்கவில்லை என்பது தெளிவு. யூதாவின் ஊர்களில் மார்பைக் கையில் தாங்கி நிற்கும் பெண் உருவச் சுடுமண் பொம்மைகள் 800-க்கும் மேல் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை குடியிருப்புகளில் கிடைத்தவை. அவை பெண்கள் கைபட்ட தெய்வங்கள் என்று கருத இடமுண்டு.

அரசனின் கோடாரி

கி.மு. 622 அளவில் எருசலேம் கோயிலைப் பழுதுபார்க்கும்போது ஒரு நியாயப்பிரமாண நூல் கிடைத்ததாக இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் சொல்கிறது. அது உபாகமத்தின் மூல வடிவம் என்ற கருத்தை டி வெட்டே என்னும் ஜெர்மானிய அறிஞர் 1805-இல் முன்வைத்தார். இன்றும் பெரும்பாலோர் அதை ஒட்டியே பேசுகிறார்கள். அந்த நூல் மெய்தானா என்று அரசன் யோசியா ஆள் அனுப்பிக் கேட்டது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம். பதில் வந்த பிறகு அவன் கோடாரியை எடுத்தான்.

கேபா முதல் பெயெர்செபா வரை ஊர்தோறும் இருந்த மேடைகள் தீட்டாக்கப்பட்டன. ஆவி பேசுவோர் அகற்றப்பட்டார்கள். கோயிலில் அசேராவுக்குப் பெண்கள் துணி நெய்துகொண்டிருந்த அறைகள் இடிக்கப்பட்டன. பெத்தேலில் கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளைப் பலிபீடத்தின்மேல் போட்டு எரித்தார்கள். அங்கிருந்த ஒரு தீர்க்கதரிசியின் கல்லறைக்கு மட்டும் விலக்கு. சமாரியாவின் ஊர்களில் மேடைப் பூசாரிகள் அந்தப் பீடங்களின்மேலேயே கொல்லப்பட்டார்கள். இவற்றில் நடந்தது எவ்வளவு, பின்னால் எழுதிச் சேர்த்தது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் விளைவில் ஐயமில்லை. அசீரியப் பேரரசு தளர்ந்த நேரத்தில், பலியும் காணிக்கையும் எருசலேம் என்ற ஒரே இடத்துக்குத் திரும்பின. ஊர்க்கோயில் பூசாரிகளுக்கு எருசலேமில் அப்பம் உண்டு. பலிபீடத்தில் ஏற உரிமை இல்லை.

இந்த அத்தியாயத்தில் ஒரு வரியை நாம் நின்று படிக்க வேண்டும். அசேராவின் உருவத்தைக் கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்துத் தூளாக்கிய யோசியா, அந்தத் தூளைச் சாதாரண ஜனங்களின் கல்லறைகள்மேல் போட்டான். ஏன் அங்கே? பிணம் தீட்டு, கல்லறை தீட்டு. ஒரு தெய்வத்தைத் தீட்டாக்க ஏழைகளின் இடுகாடு போதுமானதாக இருந்தது. அதிகாரிகளின் கல்லறைகள்மேல் எதுவும் போடப்படவில்லை. எருசலேமின் எதிர்ச்சரிவில், சில்வான் கிராமத்தில், பாறையில் குடைந்த ஒரு கல்லறையை 1870-இல் கிளெர்மோன்-கான்னோ கண்டுபிடித்தார். அதன் எழுத்துகளை 1953-இல் நஹ்மான் அவிகாத் படித்தார். அரண்மனை விசாரிப்புக்காரன் ஒருவனின் கல்லறை அது. இங்கே வெள்ளியும் இல்லை பொன்னும் இல்லை, எலும்புகள்தான் உள்ளன, திறப்பவனுக்குச் சாபம் என்று எழுதியிருக்கிறது. உடன் கிடக்கும் எலும்புகள் அவனுடைய அடிமைப் பெண்ணுடையவை. அவனுக்குக் கதவும் சாபமும். கீழே பள்ளத்தாக்கில் கிடந்தவர்களுக்கு வெறும் மண்.

தீர்க்கதரிசியின் குரல்

அப்படியானால் சிலைமறுப்பு முழுவதும் அரசனின் சூழ்ச்சி என்று முடித்துவிடலாமா? முடியாது. ஏழைக்கும் எளியவனுக்கும் நியாயம் செய்தவன் என்று யோசியாவை எரேமியாவே பாராட்டுகிறார். தீர்க்கதரிசிகள் பலர் கீழிருந்து பேசியவர்கள். கி.மு. 760 அளவில் பெத்தேலுக்கு வந்த ஆமோஸ் மந்தை மேய்த்தவர், காட்டத்திப்பழம் பறித்தவர். இது அரசனுடைய கோயில், இங்கே பேசாதே என்று பூசாரி அமத்சியா அவரை விரட்டினான். ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிறவர்கள் நடத்தும் பூசையைத்தான் ஆமோஸ் தாக்கினார். ஏசாயா இரண்டாம் அதிகாரத்தில் வெள்ளி, பொன், குதிரை, இரதம் என்று குவிந்ததைச் சொன்ன கையோடுதான் விக்கிரகங்கள் குவிந்ததையும் சொல்கிறார். எட்டாம் அதிகாரத்தில் செத்தவர்களிடம் கேட்பதை அவர் கண்டிப்பதும் அசீரியா நாட்டை விழுங்க வந்த நெருக்கடியை ஒட்டித்தான்.

ஏசாயா நூலின் பிற்பகுதி பாபிலோன் சிறையிருப்பில் பிறந்தது. ஒரே மரத்தில் பாதியை எரித்துக் குளிர்காய்ந்து, மீதியைத் தெய்வமாக்கி விழுந்து கும்பிடுகிற தச்சனைப் பற்றிய கேலி அங்கே வருகிறது. நாடும் கோயிலும் பறிபோன மக்கள், தங்களை வென்ற பேரரசின் தெய்வங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. பேரரசன் ஊர்ப்பெண்ணின் பொம்மையை உடைப்பதும், அடிமை பேரரசனின் சிலையைப் பார்த்துச் சிரிப்பதும் ஒன்றல்ல.

உபாகமம் 26-ஆம் அதிகாரத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மூன்றாம் வருடத் தசமபாகத்தை ஊரிலேயே வைத்து லேவியனுக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்கிற விவசாயி, இதில் எதையும் செத்தவர்களுக்கு வைக்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். இங்கே தடை, பசித்தவரின் பங்கைக் காக்கிறது.

மறுபக்கத்துக் குரலும் நூலில் பதிவாகியிருக்கிறது. எருசலேம் கி.மு. 586-இல் விழுந்த பின் எகிப்துக்கு ஓடிய பெண்கள் எரேமியாவிடம் எதிர்த்துப் பேசுகிறார்கள். வானராக்கினிக்குத் தூபம் காட்டியபோது வயிறு நிறைந்தது, நிறுத்திய நாளிலிருந்து பஞ்சமும் பட்டயமும் வந்தன என்கிறார்கள். எரேமியா அவர்களைச் சபிக்கிறார். ஆனால் அவர்கள் சொன்னது அழிக்கப்படவில்லை.

தமிழில் வந்தபோது

இந்த வசனங்கள் தமிழுக்கு வந்த வழியைப் பாருங்கள். தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்கு தொடங்கி வைத்த மொழிபெயர்ப்பு வேலை பல கைகளில் வளர்ந்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் அசேரா என்ற பெயரையே காணோம். அவள் ‘தோப்பு’ ஆகிவிட்டாள். எந்தோர்ப் பெண் ‘அஞ்சனம் பார்க்கிற’வள் ஆனாள். அஞ்சனம் என்பது வெற்றிலையில் மை தடவிக் களவுபோன பொருளைத் தேடுவது. செத்தவர்களை எழுப்புவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உபாகமத்துப் பட்டியலில் ‘சன்னதக்காரன்’ வந்து உட்கார்ந்தான். அவன் நம் ஊர்ச் சாமியாடி. கானானில் எழுதிய தடை, இப்படி மொழிபெயர்ப்பின் வழியாக நம் சேரிகளின் கோடாங்கிமேல் வந்து இறங்கியது.

நம் சாமிகளில் பலர் கொலையுண்டவர்கள். மாறுகை மாறுகால் வாங்கப்பட்ட மதுரைவீரன், கழுவேறிய காத்தவராயன், சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணந்து, மாட்டைக் காக்கப் போன இடத்தில் செத்த முத்துப்பட்டன். சாதி மீறியவர்களின் சாவை ஊர் மறக்காமல் வைத்திருந்த ஏடு அந்தப் பீடங்கள். மிஷனரிகள் அதற்குப் பேய் வணக்கம் என்று ஒரே பெயர் வைத்தார்கள். இடித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பேய்பயத்திலிருந்தும் பூசாரியின் கைப்பிடியிலிருந்தும் வெளியே வந்து, பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பீடம் இடிந்தது, சாதி இடிந்ததா? தஞ்சைத் திருச்சபைகளில் தனி இருக்கையும் தனிப் பந்தியும் நீடித்தன. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியைக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது, மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவர் நம் காலத்துச் செய்தி. செத்தவர்களிடம் பேசாதே என்று கற்ற சபை, செத்தவர்களின் சாதியை மட்டும் மறக்காமல் விசாரித்தது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளையும் இதோடு வைத்துப் பாருங்கள். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்கமாட்டேன். சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன். இதுவும் சிலைமறுப்புதான், செத்தவர்களுக்குப் படைப்பதை மறுப்பதுதான். ஆனால் இங்கே அறுபடுவது சடங்கை நடத்தித் தட்சணை வாங்கும் புரோகிதனின் கயிறு. அதே அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் தூணுக்குப் போய், மகார் வீரர்களை நினைவுகூர்ந்தார். இறந்தவர்களை நினைப்பதை அவர் விடவில்லை. அதை வைத்துப் பிழைப்பவர்களை விட்டார்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எந்த மதத்தின் பெயரால் எந்தத் தெய்வம் உடைக்கப்பட்டாலும், அந்தத் தூள் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். அரண்மனைமேல் விழுந்தால் அது ஒரு கதை. சேரி இடுகாட்டின்மேல் விழுந்தால் வேறு கதை.

யோசியாவின் மகன் யோயாக்கீம் காலத்தில் உரியா என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தார். எரேமியா பேசியதையே அவரும் பேசினார். அரசனுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடினார். அங்கிருந்து பிடித்து வந்து, வாளால் வெட்டி, உடலைச் சாதாரண ஜனங்களின் கல்லறைகளில் எறிந்தார்கள். எரேமியா 26-ஆம் அதிகாரத்தில் வரும் எபிரேயச் சொல்லும், அசேராவின் தூள் விழுந்த இடத்துக்கு வரும் சொல்லும் ஒன்றே. தகப்பன் அங்கே தேவியின் தூளைப் போட்டான். மகன் அங்கே தீர்க்கதரிசியின் பிணத்தைப் போட்டான். நம் ஆய்வை அந்த இடுகாட்டிலிருந்து தொடங்குவோம்.